நடுக்குரல்

மூன்று பேர் சேர்ந்து பாடும்போது நடுவில் பாடுகிறவளின் குரல் யார் காதிலும் தனியாக விழுவதில்லை. அவள் பாடாமல் விட்டால்தான் என்னவோ குறைகிறதே என்று எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வெர்னிட்டா பெட்டிக்ரூ இதை ஒரு மனக்குறையாக வைத்துக்கொண்டவள் இல்லை. சின்ன வயதில் தேவாலயத்தில் அவளை நடுவில் நிறுத்தினார்கள், நின்றாள். பிறகு கல்யாணங்களில், அதற்குப் பிறகு மெம்ஃபிஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில், இப்போது மாக்னோலியா அரங்கில் நடக்கும் இசை நாடகத்தில். எங்கே போனாலும் நடுவில்தான். வாரநாட்களில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அங்கேகூட நீளமான பரிமாறும் மேசையில் அவள் நிற்கும் இடம் நடுதான். மக்காச்சோள ரொட்டிக்கும் அவரைக்கும் இடையில்.

மேல்குரல் மார்வா. பாட்டின் மெட்டு அவளுக்குத்தான். கீழ்க்குரல் டார்க்கஸ், அறுபதைத் தாண்டியவள். அவள் பாட்டுக்குத் தரை போடுகிறவள். நடுக்குரலுக்கு ஒரு முழுப் பாட்டிலும் மூன்று சுரம் கிடைத்தால் அதிகம். மெட்டு மேலே ஏறட்டும், கீழே இறங்கட்டும், நடுக்குரல் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு சும்மா நிற்பது போலத் தோன்றும். ஆனால் மேல்குரலும் கீழ்க்குரலும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் மாதிரி. நடுவில் ஒருத்தி வந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டால்தான் அது ஒரு குடும்பம்.

இன்னொன்றும் உண்டு. மூன்று குரலும் மயிரிழை பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால், காற்றில் நான்காவதாக ஒரு குரல் எழும். யாரும் பாடாத குரல். மூன்று ஒலிகளும் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து தாமாகவே உண்டாக்கிக்கொள்வது அது. சில நாள் வரும், பல நாள் வராது. மார்வா அதற்கு ரூபி அத்தை என்று பேர் வைத்திருந்தாள். பாடி முடித்துப் படி இறங்கும்போது, “இன்னிக்கு ரூபி அத்தை வந்தாங்க, பாத்தீங்களா?” என்பாள். “வந்தா. ஒரு வாய் காபிகூடக் குடிக்காம போயிட்டா,” என்பாள் டார்க்கஸ்.

நாடகம் டெல்லா ரேஃபோர்டு என்ற பாடகியின் கதை. 1960களில் இந்த ஊரிலிருந்து கிளம்பி, கறுப்பின மக்களின் சோல் பாட்டுப் பாடி உலகம் சுற்றி, கடைசியில் அம்மா வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிறவள். இந்த மூவரையும் பின்வரிசையில் நிறுத்தி, முன்னால் டெல்லாவாகப் பாடுகிறவள் ஷாண்ட்ரெல். கோடைமழை மாதிரிக் குரல், அதற்கேற்ற திமிர். அடுத்த மாதம் நாடகம் ஊர் ஊராகக் கிளம்பவிருந்தது, சின்சினாட்டி, ஒமாஹா, மினியாபொலிஸ் என்று. ஷாண்ட்ரெல் அதனுடன் போகவில்லை. அவளுக்கு நியூயார்க்கில் வேறு நாடகம் கிடைத்துவிட்டது. அவள் இடத்துக்கு யார் என்பதுதான் கொஞ்ச நாளாகத் திரைக்குப் பின்னால் ஓடிய பேச்சு. நாடகத்தை எழுதி நடத்தும் மிஸ் ஆர்தீலியா அட்லாண்டாவில் ஒருத்தியைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஷாண்ட்ரெலுக்கு மாற்று ஆள் என்று காகிதத்தில் இருந்த பேர் வெர்னிட்டாவுடையது. அது காகிதத்தில் மட்டும்தான் இருந்தது, ஷாண்ட்ரெல் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

வெர்னிட்டாவுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு. சமையலறையில் பெரிய பாத்திரத்தில் குழம்பைக் கிளறும்போது டெல்லாவின் வரிகளை வாய்க்குள்ளேயே பாடிக்கொள்வாள். ஒரு வரி பாக்கியில்லாமல் தெரியும். யாராவது உள்ளே வந்தால் நிறுத்திக்கொண்டு உப்பு பார்ப்பாள்.

செப்டம்பர் பிறந்தால் மெம்ஃபிஸில் வேலியோரத்துக் களையெல்லாம் பூத்து மகரந்தத் தூளைக் காற்றில் விடும். கார்க் கண்ணாடியெல்லாம் மஞ்சள் படியும். அது தொண்டைக்கு ஆகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டத்துக்கு ஷாண்ட்ரெல் வந்தபோது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பேசாமல் கையை மட்டும் ஆட்டினாள்.

“என்னடி ஆச்சு?” என்றாள் டார்க்கஸ்.

“குரல் மேல போகமாட்டேங்குது,” என்று கரகரத்தாள் ஷாண்ட்ரெல். “கீழ மட்டும்தான் இருக்கு. அதுவும் தவளை மாதிரி.”

“தவளைய ஏன் கேவலப்படுத்தற?”

மிஸ் ஆர்தீலியா கதவருகே வந்து நின்றாள். வாயில் எப்போதும் போல ஒரு புதினா மிட்டாய். ஷாண்ட்ரெலைப் பார்த்தாள், பிறகு வெர்னிட்டாவைப் பார்த்தாள்.

“வெர்னி, இன்னிக்கு டெல்லா நீதான்.”

“நானா?”

“வேற யாரு, ஆர்கன் வாசிக்கற பர்னெலா? அந்த கவுன் அவனுக்குப் பத்தாது.”

மார்வா சிரித்துவிட்டாள். வெர்னிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப நடுவுல யாரு பாடறது, மிஸ் ஆர்தீலியா?” என்று கேட்டாள். வெர்னிட்டாவுக்கு மாற்றாக இருந்த பெண் பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

“யாரும் வேண்டாம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு போதும். நடுவுல இருக்கறது யாருக்குக் கேக்கப் போகுது?”

அவசரத்தில் சொன்னது. டார்க்கஸ் மட்டும் புருவத்தை உயர்த்தினாள். மிஸ் ஆர்தீலியா கிளம்பும் முன் திரும்பி, குரலைத் தணித்து, “அட்லாண்டாக்காரிக்கு இந்த வாரம் பதில் சொல்லணும். இன்னிக்கு உன்னைப் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள்.

தங்கச் சரிகை மின்னும் கவுனை டார்க்கஸ்தான் மாட்டிவிட்டாள். முதுகில் சேரவில்லை. ஒரு துணியை வைத்து ஊசி குத்திக்கொண்டே, “மூச்ச உள்ள இழு,” என்றாள்.

“இழுத்துட்டேன்.”

“இதுதான் இழுத்ததா? கடவுளே, ரொட்டி எல்லாத்தையும் பசங்களுக்குப் போட்டியா, நீயே தின்னியா?”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டம் மற்ற ஆட்டங்கள் மாதிரி இல்லை. காலை ஆராதனை முடிந்ததும் தேவாலயங்களின் பேருந்துகள் நேரே அரங்கு வாசலுக்கு வந்துவிடும். பெண்கள் தலையில் தொப்பியைக் கழற்றாமல் உட்காருவார்கள். ஊதா, எலுமிச்சை, கிளிப்பச்சை என்று ஒரு பூந்தோட்டமே இறங்கி வந்தது போலிருக்கும். கையில் காகித விசிறி. இவர்களுக்குக் கை தட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு தட்டில் முதலாவதிலும் மூன்றாவதிலும் தட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். இவர்கள் இரண்டிலும் நாலிலும் தட்டுவார்கள். தட்டும்கூட தாளத்துக்கு ஒரு இழை தாமதமாக, வருவதற்கு மனசில்லாமல் வருவது போல வந்து விழும். அந்தத் தாமதத்தில்தான் சோல் பாட்டின் ஆட்டமே இருக்கிறது. அரங்கு முழுக்க ஒரு பெரிய தொட்டில் மாதிரி ஆடும்.

முதல் பாட்டுகள் நன்றாகவே போயின. அவை தனிப்பாட்டுகள், பின்வரிசைக்கு வேலை இல்லாதவை. வெர்னிட்டாவுக்கு ஆச்சரியமாக இருந்ததெல்லாம் ஒன்றுதான். பின்வரிசையிலிருந்து பார்த்தால் அரங்கில் இருக்கிற ஒவ்வொரு முகமும் தெரியும், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்பதுகூட. முன்னால் வந்து நின்றதும் விளக்கு வெளிச்சத்தில் எதிரே ஒன்றுமே இல்லை. வெள்ளையாக ஒரு மூட்டம், அதில் மெல்ல நீந்தும் தூசி, அந்த மூட்டத்துக்குள்ளிருந்து மூச்சுவிடும் ஏதோ ஒரு பெரிய உயிர். ஆற்றங்கரையில் விடியற்காலை நின்றால் எதிர்க்கரை தெரியாதே, அது மாதிரி.

முதல் பாதியின் கடைசியில் அந்தப் பாட்டு வந்தது.

அது கேள்வியும் பதிலுமான பாட்டு, அந்த ஊர்த் தேவாலயங்களில் எல்லோருக்கும் மனப்பாடமானது. டெல்லா வீட்டுக்கு வெளியே நின்று கேட்கிறாள். உள்ளே இருக்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள். ‘மழை விட்டுச்சா, உள்ள இருக்கறவங்களே?’ என்பது கேள்வி. ‘இன்னும் இல்ல, இன்னும் இல்ல’ என்பது பதில். ‘ஆறு வடிஞ்சுச்சா?’ ‘இன்னும் இல்ல.’ ‘எம் மேல இருந்த கோவம் தணிஞ்சுச்சா?’ அதற்கும் இன்னும் இல்லைதான். இந்த மாதிரிப் பாட்டில் கேள்வியின் வால் முடிவதற்கு முன்பே பதிலின் தலை நுழைந்துவிடும். ஓடு வேய்கிறபோது ஒரு ஓட்டின் மேல் இன்னொன்று ஏறி உட்காருகிற மாதிரி. அதனால் கேட்கிறவள் ஒரு தட்டில் மூச்சு எடுப்பாள், பதில் சொல்கிறவர்கள் வேறொரு தட்டில் மூச்சு எடுப்பார்கள். ஒருத்தியால் இரண்டையும் பாட முடியாது. எங்கே மூச்சு எடுக்கிறாயோ அங்கேயே நீ யார் என்பது முடிவாகிவிடுகிறது.

பர்னெல் ஆர்கனில் முன்னிசையைத் தொடங்கினான். அவனுக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. ஆர்கனின் ஒலி அதன் வழியாகத்தான் வெளியே வரும். பெட்டிக்குள் ஒரு கொம்பு சுழன்றுகொண்டே இருக்கும். அது நம் பக்கம் திரும்பும்போது ஒலி நெருங்கும், அப்பால் திரும்பும்போது விலகும். அதனால்தான் அந்த ஒலி தண்ணீரில் விழுந்த நிலவு மாதிரி அலைகிறது. வெர்னிட்டா அதில் கண்ணை மூடினாள். உடம்பு தானாக இடமும் வலமும் ஆடியது. தோள் இறங்கியது. கேள்விக்கு மூச்சு எடுக்க வேண்டிய தட்டு வந்தது, போனது.

அவள் மூச்சு எடுக்கவில்லை. கேள்வி விழ வேண்டிய இடம் காலியாகக் கடந்து போனது.

பின்னால் டார்க்கஸும் மார்வாவும் திகைத்தாலும் நிறுத்தவில்லை. தங்கள் இடம் வந்ததும் பாடிவிட்டார்கள், ‘இன்னும் இல்ல’ என்று. மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பள்ளம். வெர்னிட்டா மூச்சு எடுத்தது அந்தத் தட்டில்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இடறி விழப்போகும் குழந்தையை எட்டிப் பிடிப்பது போல அந்தப் பள்ளத்துக்குள் போய் விழுந்தது அவள் குரல். ‘இன்னும் இல்ல, இன்னும் இல்ல.’

பொன் கவுனில், விளக்கு வெளிச்சத்தின் நடுவில் நின்று, யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தாள்.

அது அவளுக்குப் புரிந்தது. அடுத்த கேள்விக்கான இடமும் வந்துகொண்டிருந்தது. வாய் திறந்தது, ஒலி வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அந்த ஊர்த் தேவாலயங்களில், பாடிக்கொண்டிருப்பவள் உணர்ச்சி தாங்காமல் உடைந்துபோனால் பாட்டை நிறுத்தமாட்டார்கள். ஆர்கன்காரன் அதே இரண்டு சுரக்கட்டுகளைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பான். சபை பாட்டை எடுத்துக்கொள்ளும். அவள் தேறி வரும்வரை அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பர்னெல் காலையில் தேவாலயத்தில் வாசித்துவிட்டு மதியம் இங்கே வருகிறவன். அவன் கை யோசிக்காமல் சுழலும் பெட்டியின் விசையைத் தட்டிவிட்டது. உள்ளே கொம்பு உடனே வேகம் பிடிக்காது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம் எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வேகம் ஏறி, ஒலி நடுங்கத் தொடங்கும். அது சபைக்குத் தெரிந்த நடுக்கம்.

“அவசரமில்ல, பேபி!” என்று மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது.

“நாங்க இருக்கோம்!” என்றது இன்னொன்று.

பிறகு முன்பக்கம் எங்கிருந்தோ ஒரு பெண், வயதான, தடித்த குரலில் கேள்வியை எடுத்தாள். ‘மழை விட்டுச்சா, உள்ள இருக்கறவங்களே?’ அந்த வரி முடிவதற்குள் அவள் வரிசை சேர்ந்துகொண்டது. அடுத்த வரிக்கு மாடியும் சேர்ந்துகொண்டது. அரங்கு முழுவதும் கேட்டது, ‘ஆறு வடிஞ்சுச்சா?’ என்று. வெர்னிட்டா அழுதுகொண்டே பதில் சொன்னாள். தன் மூன்று சுரத்தில், தன் பழைய தட்டில் மூச்சு எடுத்து. கேள்வி ஒரு வெள்ளம் மாதிரி முன்னாலிருந்து வந்து அவள்மேல் ஏறியது. அவளும் பின்னால் இருந்த இருவரும் அதில் மிதந்தார்கள். எது மேடை, எது அரங்கு என்று கொஞ்ச நேரத்துக்குத் தெரியவில்லை. பாட்டு எப்போது முடிந்தது என்றும் அவளுக்குத் தெரியாது. திரை இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் கூரை இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல்.

இடைவேளையில் ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடித்தார்கள். “எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துடுச்சு, சிஸ்டர். பரிசுத்த ஆவியே இறங்கிடுச்சு!” என்றாள் மார்வா. விளக்குக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒப்பனை அறைக்குள் மிஸ் ஆர்தீலியா வந்ததும் எல்லோரும் வழிவிட்டார்கள்.

“உக்காரு,” என்றாள் அவள். “அழுகை அப்புறம்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே மூச்சு தப்பிடுச்சு. நான் ஓரத்துலேருந்து உன் தோளையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ பதிலுக்கு மூச்சு எடுத்த, வெர்னி.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சபை முழுவதும் ஆவி இறங்கியதாக நம்பிக்கொண்டிருந்தது. “ஆமா, மிஸ் ஆர்தீலியா,” என்றாள் வெர்னிட்டா.

“அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அது இந்த ஊரு. இந்த ஜனங்க உன்னை விழ விடமாட்டாங்க. ஒமாஹாவுல யாரு எடுத்துக் குடுப்பா? அங்க இந்தப் பாட்டே யாருக்கும் தெரியாது. பாவம், இந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.” மிட்டாயை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினாள். “ரெண்டாம் பாதியில இதே பாட்டு மறுபடி வருது. நீ கேள்வியக் கேக்கலேன்னா நான் அட்லாண்டாவுக்கு போன் பண்ணித்தான் ஆகணும். எனக்கு வேற வழி கிடையாது.”

வெர்னிட்டா கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நின்றுபோன அடுப்பை ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்ப்பது போல அந்த ஒரு நொடியை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தாள். பயமா? இல்லை, தனிப்பாட்டில் பயம் வரவில்லை. மறதியா? வரி இப்போதும் நாக்கிலேயே இருக்கிறது. காது. காதுதான். பின்னால் அந்தப் பள்ளம் வரப்போகிறது என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. காது அதற்காகவே காத்திருந்தது.

“நீங்க நடுவக் காலியா விட்டுட்டீங்க,” என்றாள், திரும்பாமலே. “காலியா இருந்தா நான் போய் அடைப்பேன். அது என் வேலை. நடுவுல ஒரு ஆள நிறுத்துங்க. நான் கேக்கறேன்.”

“ஆளுக்கு நான் இப்ப எங்க போவேன்?”

எல்லோரும் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர்க் கோப்பையில் ஆவி பிடித்துக்கொண்டிருந்த ஷாண்ட்ரெல், அறை இப்படி அமைதியாகிவிட்டதே என்று தலையை நிமிர்த்தினாள்.

“என்னைப் பாக்காதீங்க,” என்றாள்.

“கீழ குரல் இருக்குன்னு நீதானே சொன்ன?” என்றாள் டார்க்கஸ். “மூணு சுரம்தான்.”

“டெல்லா ரேஃபோர்டு பின்வரிசையில நிக்கறதா?”

“டெல்லாவ இன்னிக்கு வெர்னி போட்டுக்கிட்டு இருக்கா. நீ வெறும் தொண்டை கட்டினவ. எந்திரி.”

ஷாண்ட்ரெல் மிஸ் ஆர்தீலியாவைப் பார்த்தாள். மிஸ் ஆர்தீலியா கூரையைப் பார்த்தாள். ஷாண்ட்ரெல் எழுந்து, ஆணியில் தொங்கிய வெர்னிட்டாவின் பச்சைக் கவுனை எடுத்துத் தலைவழியே போட்டுக்கொண்டு, “இதுக்குள்ள இன்னொருத்தி வரலாம் போலருக்கே,” என்று முனகினாள்.

“அந்த இன்னொருத்திதான் இப்ப முன்னாடி நிக்கப் போறா,” என்றாள் மார்வா.

மூன்று சுரத்தையும் வெர்னிட்டா பாடிக் காட்டினாள். ஷாண்ட்ரெல் அலட்சியமாகத் தொடங்கினாள். முதல் சுரத்தில் நின்றாள். மார்வா மெட்டோடு மேலே ஏறியதும் ஷாண்ட்ரெலின் குரலும் கன்றுக்குட்டி மாதிரி அதன் பின்னாலேயே ஏறியது.

“போகாத. இங்கயே நில்லு,” என்றாள் வெர்னிட்டா.

“மெட்டு கூப்பிடுதே!”

“கூப்பிடும். போகக்கூடாது.”

மறுபடி பாடினாள், மறுபடி போனாள். மூன்றாவது தடவை வியர்த்துவிட்டது. “இதையா நீ தினம் பண்ற?” என்று வெர்னிட்டாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திமிர் கொஞ்சம் குறைந்திருந்தது. டார்க்கஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நீ பாடு, பயப்படாத. மேல போனா நான் கிள்ளுவேன்,” என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

இரண்டாம் பாதியில் டெல்லாவின் கடைசிக் காட்சி. ஊரெல்லாம் சுற்றிவிட்டு அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். மேடையில் கதவு ஒன்றும் கிடையாது. வெளிச்சத்தால் ஆன ஒரு கட்டம் மட்டும் தரையில் விழுந்திருக்கும், அதுதான் வாசல். அதற்குப் பின்னால் இருட்டில் மூன்று பேர், அவர்கள்தான் வீடு.

பர்னெல் இந்தத் தடவை மிக மெதுவாகத் தொடங்கினான். சுழலும் பெட்டி தூக்கத்தில் புரளுகிற மாதிரி புரண்டது. வெர்னிட்டா கண்ணை மூடவில்லை. கேள்விக்கான தட்டு நெருங்கியது. அவளுக்கு முன்னால் அந்த வெள்ளை மூட்டத்துக்குள் அரங்கு முழுவதும் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. மறுபடி உடைந்துவிட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று அத்தனை பேரும் தயாராகிறார்கள். அதே தட்டில் அவளும் மூச்சை இழுத்தாள்.

‘மழை விட்டுச்சா, உள்ள இருக்கறவங்களே?’

குரல் போயிற்று. அவளுடைய குரல்தான். மூட்டத்துக்குள் நெல்வயலில் காற்று அடங்குவது போல அத்தனை மூச்சும் சத்தமில்லாமல் வெளியே போனது. ஒருவரும் கூடப் பாடவில்லை. கை தட்டவும் இல்லை. விசிறிகள் நின்றன. பாட்டு அவளுடையது என்று விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

பின்னாலிருந்து பதில் வந்தது. ‘இன்னும் இல்ல.’ பள்ளம் இல்லாத பதில். நடுவில் ஒரு கரகரப்பு, தேய்ந்த மரப்படி மாதிரி, ஆனால் மிதித்தால் தாங்குகிற படி. அவள் காது அங்கே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. அங்கே அதற்கு வேலை இல்லை.

‘ஆறு வடிஞ்சுச்சா?’

‘இன்னும் இல்ல…’ கரகரப்பு மெல்ல மேலே நழுவியது. உடனே ‘ஸ்ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். குரல் தன் இடத்துக்கு இறங்கி உட்கார்ந்துகொண்டது.

கோபம் தணிந்ததா என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. பின்வரிசையில் நின்றபோது கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடைவெளியே இருந்ததில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருகிற ஓடுதானே. ஆனால் முன்னால் நின்று கேட்கிறவளுக்கு அங்கே ஒரு நீளமான சாலை இருக்கிறது, ஆளில்லாத சாலை. பதில் வரும் என்று ஒத்திகையில் ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும், கேட்ட அந்த நொடியில் அது வராமலும் போகலாம். பதில் தெரிந்துகொண்டே கேட்டால் அது கேள்வி ஆகாது. ஷாண்ட்ரெல் தினமும் இந்தச் சாலையில் நின்றுகொண்டிருந்தாளா? அவளது முதுகை மட்டுமே இத்தனை நாளும் பார்த்திருந்தேனே என்று நினைத்தாள் வெர்னிட்டா.

கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. முதல் பாதியில் அது வராது, இங்கே மட்டும்தான் வரும். பர்னெல் இசையை அடக்கினான். அரங்கே ஏதோ ஆழத்தில், தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருந்தது.

‘எனக்குன்னு ஒரு சாப்பாட்டுத் தட்டு எடுத்து வச்சிருக்கீங்களா?’

டெல்லா கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அதைப் பாடியபோது டெல்லா எங்கேயோ போய்விட்டிருந்தாள். கேட்டது வெர்னிட்டாதான். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. இருந்தால் எங்கே, யார் எடுத்து வைத்தார்கள் என்றும் தெரியவில்லை. குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அதைச் சரிசெய்யவும் அவள் முயலவில்லை. சாலை நீண்டுகொண்டே போனது.

‘எப்பவோ எடுத்து வச்சாச்சு.’

அந்தப் பதிலை அவள் வசந்த காலத்திலிருந்து தினமும் ஷாண்ட்ரெலின் முதுகைப் பார்த்துப் பாடியிருக்கிறாள். கொடுத்திருக்கிறாளே தவிர ஒரு தடவைகூட வாங்கியதில்லை. இப்போது அது அவளுடைய சொந்த முதுகில் வந்து பட்டது, வெயிலில் காய்ந்த துணியை எடுத்துப் போர்த்தின மாதிரி. மூன்று பேரும் அதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். எப்பவோ, எப்பவோ. அரங்கு அப்போதுதான் எழுந்து நின்று சேர்ந்துகொண்டது. இரண்டிலும் நாலிலும், ஒரு இழை தாமதமாக, கைகள் விழத் தொடங்கின. வெர்னிட்டா வெளிச்ச வாசலைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

திரை இறங்கியது. வணக்கம் சொல்ல மறுபடி ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. மிஸ் ஆர்தீலியா ஓரத்திலிருந்து வேகமாக மேடைக்கு வந்தாள். வெர்னிட்டாவின் முகத்தைப் பார்க்காமல், டார்க்கஸைப் பார்த்துப் பேசினாள்.

“டார்க்கஸ், நடுவுக்கு ஒரு ஆள் தேடணும். நல்லாக் கேட்டுக்க, சும்மா பாடறவ வேண்டாம். நிக்கத் தெரிஞ்சவளா வேணும். கிளம்பறதுக்கு முன்னாடி வேணும்.”

“அப்ப அட்லாண்டாக்காரி?” என்றாள் மார்வா.

“அட்லாண்டாவுலயே இருக்கட்டும். நல்ல ஊருதான்.”

வெர்னிட்டா ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். “நடுவுக்கு வர்றவளுக்கு நான் சொல்லித் தரேன்,” என்றுதான் வந்தது. “மெட்டு கூப்பிடும்போது—”

“அதெல்லாம் நாளைக்கு. போ, நில்லு, திரை ஏறுது,” என்று விரட்டினாள் மிஸ் ஆர்தீலியா.

எல்லோரும் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். வெர்னிட்டாவும் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள், பின்வரிசைக்கு, டார்க்கஸுக்கும் மார்வாவுக்கும் நடுவில். அங்கே பச்சைக் கவுனில் ஷாண்ட்ரெல் நின்றிருந்தாள். சிவந்துபோன மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, நகராமல்.

“எங்க வர்ற?” என்றாள் தவளைக் குரலில். “இங்க ஆள் இருக்கு.”

டார்க்கஸ் வெர்னிட்டாவின் தோளைப் பிடித்து முன்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.